நாலு போல்ட்

ஜனவரி 17, வெள்ளி

வண்டி படுத்துவிட்டது. லாலி ரோடு சிக்னலில், அதுவும் பச்சை விழுந்த பிறகு. இஞ்சின் ஓடுகிறது. D-யில் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உறுமுகிறது. சக்கரம் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. பின்னால் நின்ற டவுன் பஸ்காரன் ஹாரன் மேலேயே கையை வைத்துவிட்டான். இறங்கிப் போய், "ஏம்ப்பா, நீ ஹாரன் அடிச்சா வண்டி நகந்துருமா? எறங்கி ஒரு கை குடு" என்றேன். கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் வந்து தள்ளினார்கள். நானும் தள்ளினேன். இடையில் ஒருமுறை தடுமாறினேன். அந்த இடத்தில் ரோடு மேடு.

வசந்தாமணி ஜன்னலில் தலையை நீட்டி, "என்னுங்க, நீங்க தள்ளாதீங்க, கால் பத்திரம்" என்று சிக்னல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பெண்டாட்டி என்றால் அப்படித்தான்.

இந்த டைரி மேகலா கொடுத்தது. பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்த மகள், "கோவம் வந்தா இதுல எழுதுங்கப்பா, அம்மாகிட்ட கத்தாதீங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போனாள். இந்த வேகத்தில் போனால் சித்திரைக்குள் டைரி தீர்ந்துவிடும்.

ஜனவரி 19, ஞாயிறு

ஷாஜகான் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தான். கவுண்டம்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறான். வாய் ஓயாது, ஆனால் கை அதைவிட ஓயாது, அதனால் பொறுத்துக்கொள்கிறேன்.

"சென்னியண்ணா, கியர் பாக்ஸ் உள்ளார எல்லாம் மாவாயிருச்சுங்ணா. இருவது வருசத்து வண்டி. இந்த ஆட்டோமேட்டிக் பாக்ஸ் இப்ப எங்கயும் கெடைக்காது. பேசாம எடைக்குப் போட்டுருங்."

"உன்னையத்தான் எடைக்குப் போடோணும்" என்றேன்.

இந்த வண்டி எனக்கு வந்த கதை வேறு. பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த காலத்தில் நான் ஓட்டாத வண்டி கிடையாது. கம்பெனி வேனை ராத்திரியோடு ராத்திரியாகச் சேலம் கொண்டுபோய் விட்டவன். அப்புறம் ஒருநாள் பைக்கில் வரும்போது லாரிக்காரன் ஒருவன் இடித்துவிட்டான். இடது தொடை முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். தப்பு முழுக்க அவன் மேல், இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. இனி கிளட்ச் மிதிக்க ஆகாது என்று டாக்டர் சொன்னதால், கிளட்ச் இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் காரைப் பழசாகத் தேடிப் பிடித்தோம். அன்றிலிருந்து என் இடது காலுக்கு முழுநேர லீவு.

அதற்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று. வைத்தது என் சகலை பொங்கியண்ணன், வசந்தாமணியின் அக்கா புருஷன். வருஷா வருஷம் ஊர்த் திருவிழா நோம்பிக்குப் போனால் உறம்பரைச் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "வாங்க சகலை, லேடீஸ் வண்டி வந்துருச்சுங்களா?" என்று மீசையை நீவிக்கொண்டு கேட்பார். சிரிக்காதவர்கள் யாரும் கிடையாது. நானும் சிரிப்பேன். பல் மட்டும்.

ஷாஜகானிடம் கேட்டேன். "இதே மாடல்ல கியர் வண்டியும் வந்துதல்ல?"

"வந்துதுங்ணா."

"அப்ப அதோட கியர் பாக்ஸ், கிளட்ச், பெடல், எல்லாத்தையும் தேடி இதுல ஏத்து."

ஷாஜகான் என் இடது காலைப் பார்த்தான். நான் அவன் மூஞ்சியைப் பார்த்தேன். அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு, "பண்ணிப்போடலாமுங்ணா" என்றான்.

ஜனவரி 22, புதன்

மேகலாவோடு போனில் சண்டை. அவள் அம்மா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"அப்பா, கிளட்ச் வண்டியா? உங்களுக்கா? வெளையாடுறீங்களா? நான் ஒரு டிரைவர் போட்டுத் தர்றேன், பின்னாடி உக்காந்து ஜம்முனு போங்க."

"பின்னாடி உக்காரதுக்கு நான் என்ன மூட்டையா?"

அவள் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் வாயிலிருந்து ஒரு சபதம் வந்துவிட்டது. பங்குனியில் கன்னிமார் கரட்டு நோம்பி. வசந்தாமணி பிறந்த ஊரில், காங்கயம் தாண்டி, கரட்டு மேலே, அந்தப் பாறைக் குன்றின் உச்சியில், கன்னிமார் கோயில் இருக்கிறது. அடியிலிருந்து மேல் வரை சிமெண்ட் ரோடு. பாதியில் கொக்கி வளைவு. நோம்பி நாளில் வண்டிகள் அங்கேதான் வரிசை கட்டி நிற்கும், உறம்பரை ஆண்கள் அத்தனை பேரும் அங்கேதான் ஒரு பாறை மேல் நின்று எவன் திணறுகிறான் என்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"அந்தக் கரட்டு மேல வரைக்கும் நானே கியர் வண்டிய ஓட்டீட்டு வரேன் அம்மிணி. முடியலைன்னா அங்கயே சாவிய உன்ற கைல குடுத்துட்டு, அதுக்கப்பறம் ஸ்டீரிங்கையே தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"கன்னிமார் சத்தியமா."

பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஓடியது.

ஜனவரி 27, திங்கள்

வசந்தாமணியின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

எண்ணெய் விட்ட மெஷின் சரியாக ஓடுகிறதா என்று மிதித்துப் பார்த்தேன். இடது காலால். வலது காலில் செருப்பு இருந்தது, அதனால்.

வசந்தாமணி பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். எங்கள் வடவள்ளியில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பவள் அவள். அந்த மெஷினில் வேறு யார் உட்கார்ந்தாலும் பிடிக்காது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நூல் கோத்துத் தரட்டுங்களா? சும்மா மிதிக்கற நேரத்துக்கு ஒரு தலகாணி ஒறையாச்சும் தெச்சிருக்கலாம்."

மறுப்பது மரியாதை இல்லை என்று தைத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வீட்டில் தலையணையைவிட உறை அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

உக்கடம் பழைய சாமான் மார்க்கெட்டில் இதே மாடல் கியர் வண்டி ஒன்றை உடைக்கப் போகிறார்கள் என்று ஷாஜகான் போன் செய்தான். ஓடினேன். கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது. கியர் ராடு, ஃபிளைவீல், சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் இரண்டும் எடுத்தோம். கிளட்ச் பிளேட் மட்டும் புதுசு போட வேண்டும். எல்லாவற்றையும் நானே தட்டிப் பார்த்து வாங்கினேன். இரும்பின் சத்தத்திலேயே அதன் ஜாதகம் எனக்குத் தெரியும், ஆமாம்.

ஒரே ஒரு வில்லங்கம். அது டிரைவிங் ஸ்கூல் வண்டியாம். பானெட்டில் சிவப்பு L இன்னும் உரியாமல் இருக்கிறது. பெடல் செட்டோடு, இடது பக்க சீட்டில் உட்காரும் வாத்தியாருக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் சேர்ந்தே வருகிறது. இடையில் ஒரு கம்பி. வாத்தியார் அங்கே மிதித்தால் இங்கேயும் கீழே போகும்.

"இதைய அறுத்து வீசு. நானென்ன எல்லு போர்டா?" என்றேன்.

"அறுத்துப்போடலாமுங்ணா" என்றான். இவன் எதற்கு இல்லை என்றிருக்கிறான்?

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

மருதமலைக்குப் போனோம். வசந்தாமணி படியேறிப் போய்க் கும்பிட்டு வந்தாள். நான் அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டேன். மேலே கூட்டம் அதிகமாம்.

"என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"உங்குளுக்குப் புத்தி" என்றாள். திருநீறு நெற்றியில் மட்டும் இல்லாமல் என் முழங்காலிலும் பூசிவிட்டாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

பழைய பாக்ஸ் கீழே இறங்கிவிட்டது. புதுசு (பழசுதான், எனக்குப் புதுசு) உள்ளே ஏறுகிறது. ஷாஜகான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறான், நான் மேலே நின்று ஜாக்கியைப் பார்த்துக்கொள்கிறேன். கை முழுக்க கிரீஸ். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், ரிட்டயர் ஆன நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மத்தியானம் வசந்தாமணி சோறு கொண்டுவந்தாள். நான் கை கழுவப் போய்த் திரும்பினால், அவள் இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஷாஜகான் குனிந்து நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும் இருவரும் கப்சிப்.

"என்ன ரகசியம்?"

"பிரியாணி மசாலாங்க. பாய் வூட்ல எப்படி அரைக்கறாங்கன்னு கேட்டுட்டு இருந்தேன்."

இவள் வெள்ளிக்கிழமை கறி வாசனையே ஆகாதென்று மூக்கை மூடுகிறவள்.

பிப்ரவரி 20, வியாழன்

எல்லாம் மாட்டியாயிற்று. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. இஞ்சின் சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன். இல்லை. பாட்டரி புதுசு. ஸ்டார்ட்டர் நல்லது. ஷாஜகானே வாயை மூடிவிட்டான், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நான்தான் கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசை. பொய் எழுத மனம் வரவில்லை. ஷாஜகான்தான் திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "அண்ணா, வண்டி இன்னும் P-யத் தேடிட்டு இருக்குதுங்ணா!"

விஷயம் இதுதான். ஆட்டோமேட்டிக் வண்டி லீவர் P என்கிற பார்க்கிங்கிலோ N என்கிற நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்த லீவரையே நாங்கள் கழற்றிவிட்டோம். வண்டிக்கு அது தெரியாது. பாவம், பழைய ஞாபகத்திலேயே காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கினான். உறுமியது பாருங்கள், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நான் பக்கத்தில் நின்றேன் என்பதையாவது எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஓட்டிக்கொண்டு வந்தேன்!

கவுண்டம்பாளையத்திலிருந்து வடவள்ளி வரை, கியர் மாற்றி மாற்றி, நானே. வழியில் சில இடத்தில் ஆஃப் ஆனது. புது கிளட்ச் பிளேட், அப்படித்தான் இருக்கும். மூன்றாவது கியர் விழும்போது உள்ளங்கையில் ஒரு 'டக்' வரும். அந்த 'டக்'கை மறந்தே போயிருந்தேன். வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். வசந்தாமணி ஆரத்தித் தட்டோடு வந்தாள். கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், ஆனால் நான் கண்ணாடி போட்டிருந்தேன்.

இடது பக்கத்துப் பெடலை ஷாஜகான் எடுக்கவில்லை. கேட்டால், "அது செட்டோட ஒட்டுனதுங்ணா, எடுத்தா இந்தப் பெடலும் ஆடும்" என்கிறான். யாரிடம் கதை விடுகிறான்? ஆயுசு முழுக்க ஃபிட்டராக இருந்தவனுக்குத் தெரியாதா, நாலு போல்ட். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் போட்டால் டீ ஆறுவதற்குள் கழன்றுவிடும். நோம்பி முடிந்து நானே கழற்றிக்கொள்கிறேன். இப்போது நேரமில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைக்குப் போய்விட்டு வந்து வாசலில் நிறுத்தினேன். எங்கள் தெரு சரிவு. இஞ்சினை அணைத்தேன். பழக்கதோஷத்தில் லீவரை முன்னால் ஒரு தள்ளுத் தள்ளினேன். P விழுந்துவிட்டது என்று நினைப்பு. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பதே இத்தனை வருஷத்தில் மறந்துவிட்டது; ஆட்டோமேட்டிக்காரனுக்கு P போட்டால் வண்டி வேர்விட்டு நிற்கும். இறங்கிக் கதவைச் சாத்தினேன். முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் வண்டியைக் காணோம். யாருமில்லாமல், சத்தமில்லாமல், மரியாதையாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு வாழை தடுத்தது. அல்லது வாழையை அது சாய்த்தது.

எதிர்வீட்டம்மாள் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. வசந்தாமணி ஓடிவந்து, முதல் வேலையாக ஒரு கல்லைத் தூக்கி டயருக்கு அடியில் வைத்தாள். அப்புறம்தான் என்னைத் திட்டினாள். ராத்திரி வாழைப்பூப் பொரியல். வாழைத்தண்டும் வந்திருக்கிறது.

அந்தக் கல் இப்போது அவள் ஒயர் கூடையில் இருக்கிறது. எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு வருகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

மருதமலை ரோட்டில் மேட்டில் நிறுத்தி எடுத்துப் பழகினேன். மேட்டில் நின்றால் கிளட்சைப் பாதியில் பிடித்து வைக்க வேண்டும். அதுதான் ஹாஃப் கிளட்ச். பிடித்தேன். கால் நடுங்கியது. ஆஃப். மறுபடி. ஆஃப். செருப்பு சரியில்லை. கழற்றினேன். ஆஃப். பெடல் ரப்பர் வழுக்குகிறது. ஆஃப்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே அப்படித்தான் தெரிகிறது.

வசந்தாமணி என் காலைப் பார்க்கவில்லை. மடியில் கூடையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். கடைசியில், "நாளைக்கு வர்லாங்க, இன்னிக்கு வெயிலு" என்றாள். சாயங்காலம் ஆறு மணி.

மார்ச் 10, திங்கள்

தொடைக்கு வெந்நீர் ஒத்தடம். கொசுக்கடி.

மார்ச் 14, வெள்ளி

சாப்பிடும்போது வசந்தாமணி கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கிளட்ச எப்ப அமுத்தோணும், எப்ப விடோணும்?"

இந்த முப்பது வருஷத்தில் வண்டியைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் ரசம் ஆறிவிட்டது. தட்டு, டம்ளர், அப்பளம் எல்லாவற்றையும் வைத்து விளக்கினேன். அமுத்தினால் இஞ்சினும் சக்கரமும் பிரியும், விட்டால் சேரும், வெடுக்கென்று விட்டால் செத்துவிடும், இரண்டும் தொட்டும் தொடாமலும் இருக்கிற ஒரு இடம் உண்டு, அங்கே இஞ்சின் சத்தம் லேசாக இறங்கும், அந்த இடத்தில் பிடித்து மெல்ல மெல்ல விட வேண்டும்.

"ஜாக்கெட்டுக் கை வளைவு தெய்க்கற மாதிரிங்க" என்றாள். "அங்க முழு மிதி மிதிச்சா துணி சுருங்கிப்போயிரும். சத்தத்தக் கேட்டுட்டு, பாதி மிதிதான்."

"ஆமா, அதேதான்" என்றேன். ரசத்தைச் சுட வைத்துத் தந்தாள்.

மார்ச் 19, புதன்

வசந்தாமணி ஷாஜகான் சம்சாரத்துக்கு ஜாக்கெட் அளவெடுக்கப் போனாள். இந்த வாரத்தில் எத்தனையாவது அளவோ தெரியவில்லை. அந்தப் பெண் என்ன, தினம் தினம் வளர்கிறதா? திரும்பி வந்தபோது இவள் சேலைக் கரையில் கிரீஸ். கேட்கவில்லை. கேட்டால் பிரியாணி மசாலா என்பாள்.

மார்ச் 25, செவ்வாய்

நாளை நோம்பி. மேகலா ஓசூரிலிருந்து நேராகக் கரட்டுக்கு வந்துவிடுகிறாள். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தேன். பொங்கியண்ணன் போன் செய்தார்.

"சகலை, கியர் வண்டியாமா? அடியில நிறுத்தீட்டு போன் போடுங்க, ஜீப் அனுப்பறேன்."

"பாறை மேல எடம் புடிச்சு வைங்க சகலை. நல்லாத் தெரியறாப்பல" என்றேன்.

வைத்துவிட்டேன். கால் இன்னும் மேட்டில் நிற்கவில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். நாளைச் சாயங்காலம் அந்தச் சாவி யார் கையில் இருக்கும் என்று கன்னிமாருக்குத்தான் தெரியும். எனக்கு ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். வேறு ஒன்றும் வேண்டாம்.

மார்ச் 26, புதன், கன்னிமார் நோம்பி

காங்கயம் வரை ராஜா மாதிரி வந்தேன். நேர் ரோட்டில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. கரட்டு அடியில் ஒருமுறை நிறுத்தி, காலை நீட்டி மடக்கினேன். வசந்தாமணி, "போலாங்களா?" என்றாள். "போலாம்."

பாதி ஏறியாயிற்று. கொக்கி வளைவு. முன்னால் ஒரு டெம்போ, அது நிறைய எங்கள் உறம்பரைப் பெண்கள், பொங்கல் பானை, கரும்பு. அது வளைவில் நின்றுவிட்டது. நானும் நின்றேன். பின்னால் ஒரு ஜீப் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. ஒரு சாண் பின்னால் போனாலும் இடிக்கும். ஹேண்ட் பிரேக்கை ஏற்றிப் பிடித்தேன். முதல் கியர். கிளட்சை அமுத்திக்கொண்டு காத்திருக்கிறேன், இப்போது நகரும், இப்போது நகரும் என்று. டெம்போ நகரவில்லை.

தொடையில், கம்பி இருக்கிற இடத்தில் நடுக்கம் ஆரம்பித்தது. முழங்காலுக்கு இறங்கியது. பாறை மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொங்கியண்ணன். "என்னங்க சகலை, லேடீஸ் வண்டிக்கு மூச்சு வாங்குதுங்களா?" பாறையே சிரித்தது. அதற்கு மேலே, கோயில் மதிலோரம் மேகலா நிற்கிறாள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

கால் நழுவிவிட்டது. நான் எடுக்கவில்லை, அதுவாக விழுந்தது. அவ்வளவுதான், வண்டி குதித்துச் செத்துப்போகும், பாறை கைதட்டும், சாவி போயிற்று என்று கண்ணை மூடினேன்.

வண்டி சாகவில்லை.

கிரீச் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன். என் பெடல் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அதன் மேல் என் கால் இல்லை. இடது பக்கம் பார்த்தேன். வசந்தாமணி மடியில் கூடையை வைத்துக்கொண்டு கோயிலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு செருப்பு தனியாகக் கிடக்கிறது. மெட்டி போட்ட கால், வாத்தியார் கிளட்சின் மேல், அசையாமல்.

"டெம்போ நகந்துருச்சுங்க" என்றாள், உதடு அசையாமல். "ஆக்ஸிலேட்டர் குடுங்க."

கொடுத்தேன். பெடல் மெல்ல மேலே வந்தது. இஞ்சின் சத்தம் லேசாக இறங்கிய இடத்தில் அப்படியே நின்றது. ஜாக்கெட் கை வளைவு. ஹேண்ட் பிரேக்கை விட்டேன். ஒரு விரற்கடை பின்னால் போகவில்லை. ஏறியது. வளைவு முடிந்ததும் என் கை கியர் ராடுக்குப் போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குள் பெடல் கீழே போயிற்று. இரண்டாவது கியர். டக். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் இப்படிச் சண்டையில்லாமல் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

பாறையைத் தாண்டும்போது ஹாரன் அடித்தேன். நீளமாக.

மேலே எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பொங்கியண்ணன் மூச்சு வாங்க ஏறிவந்து பானெட்டைத் தட்டினார். "அடேங்கப்பா! வளவுல நிறுத்தி எடுத்தீங்க பாருங்க, நானே ஒரு முழம் பின்னால உட்டுத்தான் எடுப்பேன். கால் முழுசா தேவலையாயிருச்சுங்களா சகலை?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் வசந்தாமணி, "நீங்கதான் கண்ணால பாத்தீங்கள்ல மாமா?" என்றாள். மாமா மீசையிலிருந்து கையை எடுத்தார்.

மேகலா வந்தாள். நான் சாவியை நீட்டினேன், சும்மா காட்டுவதற்கு. அவள் என் விரல்களை மடக்கி மூடினாள். "உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா" என்றவள், அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு கால்ல செருப்பக் காணோம்?"

"கோயிலுக்கு எதுக்கு கண்ணு செருப்பு?"

"அப்ப இன்னொரு கால்ல?"

வசந்தாமணி அந்த ஒன்றையும் கழற்றிக் கூடையில் போட்டாள், கல்லுக்குப் பக்கத்தில். மேகலா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டு பொங்கல் பானைப் பக்கம் போய்விட்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று கேட்கவில்லை.

திரும்பி வரும்போது அவிநாசிபாளையம் தாண்டியதும், "பாய் வூட்டு மசாலா நல்லாத்தான் கத்துட்டு வந்திருக்கற" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கூடை மடியிலிருந்து விழுந்தது. பிறகு, "ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றாள். "லேடீஸ் வண்டி, லேடீஸ் வண்டின்னு அவுங்க சொல்றப்பெல்லாம் உங்க மூஞ்சி போற போக்கு எனக்குத்தான் தெரியும். இன்னிக்கு அவுங்க மூஞ்சியப் பாத்தீங்களா?"

பார்த்தேன். ஆனால் அதைவிட இவள் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். என் பெண்டாட்டியை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

சத்தியத்தைப் பற்றி: நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஸ்டீரிங் நான், கியர் நான், பிரேக் நான், ஆக்ஸிலேட்டர் நான். கிளட்ச் மட்டும் அவள். கன்னிமார் ஏழு பேரும் பெண்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மார்ச் 27, வியாழன்

காலையில் பொங்கியண்ணன் போன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறாராம். "உங்க வண்டில பின்னால உக்காந்து ஒரு ரவுண்டு வரோணும் சகலை. மருதமல மேட்டுல நிறுத்தி எடுத்துக் காட்டோணும்." சரி என்றுவிட்டேன்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியின் இடது பக்கம் போய்க் குனிந்தேன். வசந்தாமணி மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னுங்க, கழட்டறீங்களா?"

"நோம்பி முடிஞ்சா கழட்டறேன்னு சொல்லியிருந்தேன்ல?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கினேன். ஒன்று கொஞ்சம் லூஸாகத்தான் இருந்தது. நேற்று அந்த வளைவில் அது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஷாஜகானை விசாரிக்க வேண்டும்.

"கிரீச்சுனு கேக்குது" என்றேன். "ஞாயித்துக்கெழம உங்க மாமன் பின்னாலதான் உக்காருவாரு. காது கூர்மை. அந்த மெஷின் எண்ணெய எடுத்துட்டு வா."

ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பியில் இரண்டு சொட்டு, பெடல் முனையில் இரண்டு சொட்டு விட்டேன். "எங்க, மிதி பாக்கலாம்" என்றேன். அவள் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள்.

சத்தமே இல்லை.